துருக்கி போய் வந்த டிரைவர் அண்ணன்

மலாயாவில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு சாக்கடையும் ஒரு முருங்கை மரமும்தான். ஒன்பது வருஷம் அப்படிப் பக்கத்தில் இருந்தோம். அதில் முதல் ஆறு வருஷம் அவர் எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

"கோப்பி போடட்டுமா அண்ணே?" என்று கேட்டால் கையைத் தூக்கித் தடுப்பார்.

"இப்பத்தான் குடிச்சிட்டு வரேன்மா."

எப்போது கேட்டாலும் இதே வாக்கியம்தான். காலையில் கேட்டாலும் இதுதான், உச்சி வெயிலில் விறகு பிளந்து கொடுத்துவிட்டு மூச்சு வாங்க நிற்கும்போது கேட்டாலும் இதுதான். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, யார் வீட்டிலும் அப்படித்தான். கல்யாண வீடுகளுக்கு வருவார், பந்தலுக்கு வெளியே நின்று மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்துக் கும்பிடுவார், இலை போடுவதற்குள் போய்விடுவார். தைப்பூசத்தன்று பத்துமலைக்கு விடும் சிறப்பு ரயிலை ஒரு வருஷம் அவர்தான் ஓட்டினார். மலையடிவாரத்தில் வரிசையாகத் தண்ணீர்ப் பந்தல்கள். வழியில் போகிறவர்களை எல்லாம் கையைப் பிடித்து இழுத்துப் பானகம் கொடுத்தார்கள். கரிப்புகையும் வியர்வையுமாக அவர் அத்தனை பந்தலையும் தாண்டி நடந்து, இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாயடியில் குனிந்து குடித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பிறகு கேட்டபோது சிரித்தார். "இன்ஜின் குடிக்கிற தண்ணிதாம்மா எனக்கும். அவளுக்கு ஒத்துக்குது, எனக்கு ஒத்துக்காதா?"

இன்ஜினை அவர் 'அவ' என்றுதான் சொல்வார். யார்டில் பெட்டிகளை முன்னும் பின்னும் தள்ளும் ஷண்டிங் இன்ஜின் அது. காற்று எங்கள் பக்கம் அடித்தால், "போதும்டி, மெதுவா, மெதுவா" என்று அவர் அதைக் கொஞ்சுவது சமையற்கட்டு வரை கேட்கும். உயரமான மனிதர். உலைக் கதவைத் திறந்து திறந்து இடது புருவம் கருகிப் பாதிதான் மிச்சமிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். எனக்கு இருபது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் சமையற்கட்டின் வெளிச்சுவரில், ஓர் ஆணியில், ஒரு பித்தளை டம்ளர் தொங்கியது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி நான் மருமகளாக வந்து இறங்கியபோதே அது அங்கே இருந்தது. "அந்த ஆளுங்க யாராவது வந்தா அதுல ஊத்திக் குடு" என்று என் கணவர் சொன்னார். எந்த ஆளுங்க என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊரிலும் அப்படி ஒரு டம்ளர் இருந்தது. டிரைவர் அண்ணன் சேரியில் பிறந்தவர் என்பது குடியிருப்பு முழுக்கத் தெரியும். அவருக்கென்று தொங்கிய அந்த டம்ளரில் அவர் ஒரு நாளும் குடிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. களிம்பு பிடித்துவிடக் கூடாதே என்று வாரம் ஒருமுறை நான் அதைப் புளி போட்டுத் தேய்த்துத் திரும்ப மாட்டுவேன்.

ஒரு மழைக்காலத்தில் கிள்ளான் ஆறு பெருகிப் பிரிக்பீல்ட்ஸுக்குள் வந்துவிட்டது. என் கணவர் ரயில்வே ஆபீஸில் கிராணி, கணக்கு எழுதும் குமாஸ்தா. கணக்குப் புத்தகங்களை மேல்மாடிக்கு ஏற்றப் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். நான் இரண்டு குழந்தைகளோடு கட்டில்மேல் நின்றுகொண்டிருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு நெஞ்சளவுத் தண்ணீரில் டிரைவர் அண்ணன் வந்தார். பெரியவனைத் தோளிலும் கைக்குழந்தையைத் தலைமேல் ஒரு கூடையிலுமாக வைத்துக்கொண்டு, என்னைத் தன் இடுப்பு வாரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஸ்டேஷன் வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்.

பிளாட்பாரத்தில் யாரோ அடுப்பு மூட்டியிருந்தார்கள். நான் கோப்பி வாங்கி, வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்த டம்ளரில் ஊற்றினேன். அவரிடம் நீட்டப் போனவள் ஒரு நொடி நின்றேன். அது நாங்கள் குடிக்கும் டம்ளர். ஒரு நொடிதான். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"இப்பத்தான் குடிச்சிட்டு வரேன்மா."

சட்டையிலிருந்து ஆற்றுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "எங்க குடிச்சீங்க, ஆத்துலயா?" என்று கேட்டு நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். என் பிள்ளைகளைச் சுமந்து வந்த மனிதரிடம் அப்படிச் சிரித்தேன் என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அதற்கு மறு வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு காகிதம்.

"கிராணி ஐயா, துருக்கிக்கு எப்படிப் போறது?"

என் கணவர் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "துருக்கியா? அது எந்த எஸ்டேட்டு?"

"எஸ்டேட்டு இல்லீங்கய்யா. நாடு."

அந்தக் காகிதம் மடித்து மடித்துத் துணிபோல ஆகியிருந்தது. பட்டாளத்திலிருந்து வந்த கடிதம். அவருடைய தம்பி, துருக்கியில், போர்க் கைதியாக இருந்தபோது, காய்ச்சலில் இறந்துபோனதாக அதில் எழுதியிருந்தது. ஊர்ப் பேரும் இருந்தது. பெரிய யுத்தம் முடிந்து பதினைந்து வருஷமாவது ஆகியிருக்கும். அத்தனை வருஷமும் அதை அவர் இன்ஜினில் வேலை செய்யும்போது கூடச் சட்டைப்பையில் வைத்திருந்திருக்கிறார்.

அப்பாவும் அம்மாவும் காலராவில் ஒரே வாரத்தில் போனபின், தம்பியை வளர்த்தது அவர்தான். பத்து வயது வித்தியாசம். "ரெண்டு வருஷத்துல உன்னைக் கூப்பிட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். இரண்டு நாலானது, நாலு ஆறானது. எஸ்டேட்டில் காடு வெட்டி, பிறகு ரயில்வேயில் கரி தள்ளி, தனக்கென்று ஓர் இடம் பிடிப்பதற்குள் தம்பி காத்திருந்து அலுத்துப் பட்டாளத்துக்கு மூட்டை தூக்கப் போய்விட்டான். பாக்தாத் பக்கம் பிடிபட்டு, துருக்கியின் மலைகளில் ரயில் பாதைக்குக் குகை குடைய அனுப்பப்பட்டான். இதெல்லாம் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"நான் கூப்பிட்டிருந்தா அவன் போயிருக்க மாட்டான். அவன் கெடக்கற எடத்தையாவது ஒரு தடவை பாத்துட்டு வரேனே."

"அங்க உனக்கு யாரு இருக்காங்க? பாஷை தெரியுமா? எங்க தங்குவ, என்ன திம்ப?" என்றார் என் கணவர். வயதில் மூத்தவரானாலும் அவரை என் கணவர் 'நீ' என்றுதான் பேசுவார்.

"தண்டவாளம் இருக்குதுங்களே. தண்டவாளம் இருக்கிற ஊர்ல நான் தொலைஞ்சு போக மாட்டேன்."

என் கணவர் பத்திரிகையை மடித்து வைத்தார். பிறகு பேனாவை எடுத்தார். பாஸ்போர்ட்டுக்கும் லீவுக்கும் எல்லா மனுவையும் அவரே எழுதிக் கொடுத்தார். வருஷக்கணக்காக லீவே எடுக்காத மனிதருக்கு ஆறு மாதம் கிடைத்தது. குடியிருப்பில் எல்லோரும் சிரித்தார்கள். செத்தவனைத் தேடித் துருக்கிக்குப் போகிறான் பார் என்றார்கள். ஒரு தகரப் பெட்டியோடு அவர் தனியாகக் கிள்ளான் துறைமுகத்துக்கு ரயிலேறினார்.

ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தார். இளைத்திருந்தார். என் பிள்ளைகளுக்கு ஒரு துணிப்பை நிறைய ஏதோ காய் கொண்டு வந்திருந்தார். கல்போல ஓடு, உடைத்தால் உள்ளே மூளைமாதிரி சுருண்ட பருப்பு. அக்ரோட்டு என்று என் கணவர் சொன்னார். பிள்ளைகள் அதைக் கதவிடுக்கில் வைத்து உடைத்துத் தின்றுகொண்டிருந்த மத்தியானத்தில், பின்வாசல் படியில் உட்கார்ந்து அவர் சொல்லத் தொடங்கினார். நான் உள்ளே நிலைப்படியில் உட்கார்ந்து கேட்டேன்.

கிள்ளானிலிருந்து பினாங்கு, பினாங்கிலிருந்து போர்ட் சையது. அங்கே கப்பல் மாறி, மெர்சின் என்ற துறைமுகம். அங்கிருந்து ரயில். "தூரத்துல மலை உச்சியெல்லாம் வெள்ளையா இருந்துச்சும்மா. பத்துமலை மாதிரி சுண்ணாம்புக் கல்லுன்னு நெனச்சேன். கிட்டப் போனாத்தான் தெரியுது, பனி." கடிதத்தில் இருந்த பேரைக் காட்டிக் காட்டி மலைக்கு நடுவே ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கினார். இறங்கியவர் அவர் ஒருவர்தான்.

ஸ்டேஷன் மாஸ்டருக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வரும். இவருக்கும் ரயில்வே இங்கிலீஷ் கொஞ்சம் வரும். இவர் தன் கையை விரித்துக் காட்டி, விசில் சத்தம் போட்டு, கரி தள்ளுவதுபோல நடித்திருக்கிறார். ஸ்டேஷன் மாஸ்டர் அந்தக் கையில் இருந்த தீத்தழும்புகளைப் பார்த்துவிட்டு, டிக்கெட் ஜன்னலை மூடிப் பூட்டி, இவரைத் தோளில் கை போட்டு மலைமேல் ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போனார். குகை குடைந்த காலத்தில் அங்கே மேஸ்திரியாக இருந்த கிழவர் வீடு. கிழவரும் அவர் மனைவியும் மட்டும். பிள்ளை கிடையாது.

"வந்தது யாரு, எதுக்கு வந்தான், ஒண்ணும் கேக்கலைம்மா. மொதல்ல உக்கார வெச்சிட்டாங்க. சாப்பாட்டு ஏற்பாடு நடக்குது. எப்படி வேணாம்னு சொல்றது?"

இப்போதுதான் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல அவரிடம் அங்கே பாஷை இல்லை.

கிழவி ஒரு செம்புக் கெண்டியும் ஒரு தாம்பாளமும் கொண்டு வந்தாள். தோளில் ஒரு துண்டு. இவர் முன்னால் வந்து நின்று, கையை நீட்டு என்று சைகை காட்டி, கெண்டியைத் தூக்கினாள்.

இந்த இடத்தில் அவர் பேச்சை நிறுத்திவிட்டு முருங்கை மரத்தைப் பார்த்தார்.

"எட்டு வயசிருக்கும்மா எனக்கு. தாகம். ஒரு வீட்டு வாசல்ல நின்னு தண்ணி கேட்டேன். கையைக் குவிச்சுக் குனிடான்னாங்க. ரெண்டு படி மேல நின்னுக்கிட்டு ஊத்துனாங்க. கையில விழுந்ததைவிட மூஞ்சில விழுந்ததுதான் அதிகம். மூக்குல ஏறி இருமினேன். வீட்டுப் புள்ளைங்க எல்லாம் கைகொட்டிச் சிரிச்சாங்க. அன்னைலேருந்து யாரு வீட்லயும் தண்ணி கேட்டதில்ல. கேக்காமக் குடுத்தாலும் குடிச்சதில்ல."

முருங்கை மரத்தைப் பார்த்தபடியே மேலே சொன்னார்.

"அந்தக் கெழவி கெண்டியைத் தூக்குனதும், அட, இங்கயுமான்னு ஆயிருச்சு. கையை முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு எந்திரிச்சு நின்னுட்டேன். பெட்டியை எடுத்துக்கிட்டு ஓடிரலாம்னு பாத்தேன்."

அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கிழவிக்கு முகம் சுண்டிவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் சட்டென்று தன் கையைத் தாம்பாளத்தின்மேல் நீட்டினார். கிழவி அவருக்கு ஊற்றினாள், அவர் கழுவினார். பிறகு கிழவர் நீட்டினார், அவருக்கும் ஊற்றினாள். பிறகு மூன்று பேரும் இவரைப் பார்த்தார்கள். வந்தவருக்கு முதலில் கை கழுவ ஊற்றுவதுதான் அந்த வீட்டு மரியாதை. இவருக்காகத்தான் அவள் முதலில் தூக்கியிருக்கிறாள்.

"கையை நீட்டினேன்மா. வெதுவெதுன்னு சுட வெச்ச தண்ணி. கிட்ட உக்காந்து ஊத்துனா. அப்புறம் துண்டால ஒவ்வொரு விரலா அவளே தொடைச்சு விட்டா. இந்த நகத்துக் கரி போகலைன்னு மறுபடி தேய்ச்சு விட்டா. அப்புறம் ஒரே தட்டு. நாலு பேரு, நாலு கரண்டி. எல்லாரும் ஒண்ணுலேயே அள்ளித் தின்னோம். குடிக்க மோரு. நம்ம மோருதாம்மா, உப்புப் போட்டு! நான் நாலு கிளாசு குடிச்சேன்."

சாப்பிட்டு முடித்த பிறகுதான் காகிதத்தை எடுத்தார். ஸ்டேஷன் மாஸ்டர் படித்துச் சொன்னார். கிழவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். கிழவி இவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்து, ஒரே ஒரு சொல் சொன்னாள்.

"அண்ணே."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "தமிழா அண்ணே?"

"நானும் அப்படித்தாம்மா ஆடிப் போயிட்டேன்."

கைதிகளில் ஒரு பையன் காய்ச்சலில் விழுந்தபோது, கூடாரத்தில் கிடந்தால் செத்துவிடுவான் என்று மேஸ்திரி அவனைத் தன் வீட்டுக்குத் தூக்கி வந்தார். கிழவி பதினோரு நாள் பார்த்துக்கொண்டாள். சோறு இறங்கவில்லை. மோர்தான் கொடுத்தாள். பையன் கண்ணைத் திறக்கும்போதெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டானாம்.

"அவங்க பாஷையில 'அன்னே'ன்னா அம்மான்னு அர்த்தமாம். தன்னைத்தான் அம்மான்னு கூப்புடறான்னு அவ நெனச்சிருக்கா. ஸ்டேஷன் மாஸ்டர் எனக்குச் சொல்றாரு, அந்தப் பையன் இவளை மதர்னு கூப்பிட்டான், இவளை வேற யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லைன்னு. கெழவி தலையை ஆட்டிக்கிட்டே அழுவுறா."

"நீங்க சொல்லலையா? அது உங்களைக் கூப்பிட்டதுன்னு?"

அவர் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார்.

"எப்படிம்மா சொல்றது? அவளுக்கு அது ஒண்ணுதான் இருக்கு. கடைசி வரைக்கும் என்னைத்தான் கூப்பிட்டிருக்கான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கோவமா இருந்திருந்தா கூப்பிடுவானா? எனக்கு அது போதும். ஒரு சொல்லுதானே, ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கிட்டோம்."

வீட்டுக்குப் பின்னால், ஒரு மரத்தடியில் தம்பியைப் புதைத்திருந்தார்கள். ஒரு வாரத்துக்கென்று போனவரைக் கிழவி நாற்பது நாள் விடவில்லை. இவர் கூரையைச் சரி செய்தார், கிணற்று உருளையைக் கழற்றி எண்ணெய் போட்டார். கிளம்பும்போது அவள் அந்த மரத்துக் காயையே மூட்டை கட்டிக் கொடுத்தாள். "உங்க புள்ளைங்க தின்னுதே, அதுதான்" என்றார். கதவிடுக்கில் இன்னும் ஓடு உடையும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அவர் போன பிறகு பின்பக்கம் போய் ஆணியிலிருந்த டம்ளரை எடுத்தேன். தூக்கிப் போட மனம் வரவில்லை. கழுவி, உள்ளே மற்ற டம்ளர்களோடு கவிழ்த்து வைத்தேன். மறுநாள் சாயங்காலம் அவர் வந்தபோது கையில் கிடைத்த டம்ளரில் கோப்பி ஊற்றிக் கொண்டுபோய் நீட்டினேன். அது எது என்று எனக்கே தெரியவில்லை. அவர் ஆணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கோப்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் சீனி கூடப் போடுங்கம்மா" என்றார்.

அதோடு எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் பொய். ஆணி காலியாக இருப்பதை என் கணவர் பார்த்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பக்கத்து வரிசைப் பெண்கள் என் வீட்டில் மஞ்சள் குங்குமம் வாங்கிக்கொள்வதை நிறுத்தினார்கள். மூன்று வருஷம் கழித்து டிரைவர் அண்ணன் கிள்ளானுக்கு மாற்றலாகிப் போனார். அங்கேயே ஓய்வு பெற்று, பண்டமாரான் பக்கம் ஒரு பலகை வீட்டில் இருந்து, அங்கேயே இறந்தார். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் நிற்பது கிள்ளான் அல்ல, துருக்கி போய் வந்த ஒரு மாதத்தில் அவர் வைத்த விருந்துதான்.

எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகளுக்கும் போய் அழைத்தார். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் நம்ம வீட்ல ஒரு வாய் சாப்பிட வாங்க." வாழ்க்கையில் அவர் யாரையாவது தன் வீட்டுக்குக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் கணவர் "பாக்கலாம்" என்றார். அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு என்னிடம், "நாளைக்கு ஆபீஸ்ல தலை காட்ட முடியுமா? நீ வேணா போ. நான் வரமாட்டேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே குடையை எடுத்துக்கொண்டு எங்கேயோ கிளம்பிப் போய்விட்டார்.

நான் பிள்ளைகளோடு போனேன். யாருக்கும் ஒரு சாக்கு இருக்கக் கூடாது என்று சைவமாகவே சமைத்திருந்தார். சாம்பார், பூசணிக்காய்க் கூட்டு, அப்பளம், ஒரு பெரிய அண்டாவில் மோர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. வந்தவர்கள் இன்ஜினில் கரி தள்ளும் இரண்டு ஃபயர்மேன்களும், தண்டவாளம் மாற்றும் மலாய்க்காரர் ஒருவரும், நானும் என் பிள்ளைகளும். அவ்வளவுதான். மற்ற வீடுகளின் ஜன்னல்களில் ஆட்கள் தெரிந்தார்கள். அவர் அதைப் பார்க்காததுபோல எங்களுக்குக் கை கழுவ ஊற்றினார், பரிமாறினார், என் சின்னவனுக்கு அப்பளம் நொறுக்கிப் போட்டார்.

எல்லோரும் போய்விட்டார்கள். பிள்ளைகள் அவருடைய பாயிலேயே தூங்கிவிட்டன. மழை பிடித்துக்கொண்டது. முக்கால் பானை சோறு அப்படியே இருந்தது.

"நீங்க சாப்பிடுங்க அண்ணே, மணி நாலாகப் போகுது."

"இருக்கட்டும்மா. இன்னும் வர்றவங்க வருவாங்க."

"யாரு வரப் போறா இனிமே?"

அவர் வாசலைப் பார்த்தபடி நின்றார்.

சாக்கடைப் பலகைமேல் காலடிச் சத்தம் கேட்டது. என் கணவர். எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேராக இங்கே வந்து வாசலில் நின்றார். முழங்கால் வரை நனைந்திருந்தது. குடையை மடக்க அவருக்கு வெகு நேரம் ஆயிற்று.

"பசிக்குது" என்றார். காலையிலிருந்து எங்கே சுற்றினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"உள்ள வாங்கய்யா" என்றார் டிரைவர் அண்ணன்.

என் கணவர் தரையில் உட்கார்ந்தார். தட்டில் சோறு விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டு நாலு வாய் வேகமாகச் சாப்பிட்டார். பிறகு நிமிர்ந்து, நின்றுகொண்டே இருந்தவரைப் பார்த்தார்.

"நீங்க சாப்பிட்டாச்சா?"

"இல்லீங்கய்யா."

என் கணவர் இடது கையால் இன்னொரு தட்டை இழுத்துத் தன் பக்கத்தில் வைத்தார். பானையிலிருந்து ஒரு கரண்டி சோறு எடுத்து அதில் போட்டார்.

"சோறு ஆறிப் போச்சு. உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். இருவரும் சாப்பிட்டார்கள். மழை விடுகிற வரைக்கும் நாங்கள் அங்கேயே இருந்தோம்.